வேண்டா அஞ்சலைத் தடுத்தல்: தடைப்பட்டியலும் அனுப்புநர் நற்பெயரும்

மாணவர்களே, நாம் கேளாமலே பெருந்தொகையானோருக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்படும் மின்னஞ்சல் வேண்டா அஞ்சல் அல்லது ஸ்பாம் எனப்படும். 1978 மே மாதத்தில் அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலர், ஆர்ப்பாநெற் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய விளம்பரமே இதன் முதல் உதாரணமாகக் கொள்ளப்படுகிறது. இதனைத் தடுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கடிதத்தின் உள்ளடக்கத்தை ஆராய்தல். மற்றையது, அனுப்புபவர் யாரெனப் பார்த்தல். இங்கு இரண்டாவது வழியை நோக்குவோம்.

1. ஐ.பி. முகவரியைப் பார்ப்பது ஏன்?

கடித உறையில் பொய் விலாசம் எழுதுவது போல, மின்னஞ்சலிலும் அனுப்புநர் பெயரைப் பொய்யாக இடலாம். ஆனால் அனுப்பும் சேவையகம் தன் ஐ.பி. முகவரியைப் பொய்யாகக் காட்டுவது மிகக் கடினம். ஏனெனில், பெறும் சேவையகத்தின் பதில்கள் அம்முகவரிக்கே திரும்பிச் செல்ல வேண்டும்.

2. தடைப்பட்டியல் தொழிற்படும் விதம்

வேண்டா அஞ்சல் அனுப்பும் ஐ.பி. முகவரிகளின் தொகுப்பே தடைப்பட்டியல். இம்முறை 1997 இல் போல் விக்சி என்பவரின் முயற்சியால் பரவலாயிற்று. 1998 இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பட்டியல்கள் இன்றும் பயன்படுகின்றன.

(அ) 192.0.2.99 என்னும் முகவரியிலிருந்து அஞ்சல் வருகிறது எனக் கொள்வோம்.
(ஆ) பெறும் சேவையகம் அவ்வெண்களைத் தலைகீழாக்கி, 99.2.0.192 என்பதன் பின் பட்டியலின் ஆள்களப் பெயரைச் சேர்த்து, ஆள்களப் பெயர் முறைமையிடம் வினவும்.
(இ) 127.0.0.2 போன்ற விடை கிடைத்தால் அம்முகவரி பட்டியலில் உள்ளது. அவ்வாறான பெயர் இல்லை என்று விடை வந்தால் பட்டியலில் இல்லை.

கடிதம் முழுவதையும் பெறுமுன்னரே மறுக்கலாம் என்பதே இதன் பெரும் நன்மை. நேரமும் சேமிப்பிடமும் மீதமாகும்.

3. அனுப்புநர் நற்பெயர்

தடைப்பட்டியல் ‘ஆம்’, ‘இல்லை’ என்றே கூறும். நற்பெயரோ புள்ளியிடுவது போன்றது. பெறுநர்களின் முறைப்பாடுகள், இல்லாத முகவரிகளுக்கு அனுப்பிய அளவு, அஞ்சல் எண்ணிக்கையின் திடீர் உயர்வு என்பன அதனைக் குறைக்கும். புள்ளி குறைந்தோரின் கடிதம் ஸ்பாம் கோப்புறைக்குச் செல்லும்.

4. மாதிரி வினா

ஓர் அலுவலகத்தில் 20 கணினிகள் ஒரே பொது ஐ.பி. முகவரியையும் அதே முகவரியிலுள்ள அஞ்சற் சேவையகத்தையும் பயன்படுத்துகின்றன. ஒரு கணினியில் வைரஸ் புகுந்து வேண்டா அஞ்சல் அனுப்புகிறது. விளைவு யாது? தீர்வு யாது?

விடை: அப்பொது முகவரி பட்டியலில் சேரும். குற்றமற்ற ஏனைய 19 கணினிகளின் கடிதங்களும் மறுக்கப்படலாம். முதலில் வைரசை நீக்கி, பின்னரே பட்டியலிலிருந்து நீக்குமாறு விண்ணப்பிக்க வேண்டும். வைரசை நீக்காது விண்ணப்பித்தால் முகவரி மீண்டும் பட்டியலில் சேரும்.

கவனிக்க: பலர் ‘வைரசை நீக்குக’ என்று மட்டும் எழுதிப் புள்ளி இழப்பர். ஒருவரின் தவறால் மற்றோரும் தடுக்கப்படுவதே இம்முறையின் பிரதான குறைபாடு, அதனையும் எழுதுங்கள். இக்குறைபாடு உங்களையும் பாதிக்கலாம். நேர்முகப் பரீட்சைக்கோ புலமைப்பரிசிலுக்கோ விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்களில் ஸ்பாம் கோப்புறையையும் திறந்து பாருங்கள். அழைப்புக் கடிதம் அங்கே கிடக்கலாம்.