காற்றுக் கரண்ட்டும் கைமாற்றுக் கணக்கும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ பேச வரவில்லை. கரண்ட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அது மின்சார வாரியத்துக்காரர் பேச வேண்டிய சங்கதி, உங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கிணற்றில் தண்ணீர் கிடந்தும் மோட்டார் ஓடாவிட்டால், நான் சொல்கிற உரம் எந்தப் பயிருக்குப் போய்ச் சேரும்? அதனால் இதுவும் நம் சங்கதிதான்.

2013-ஆம் வருஷம் ஆடி மாதம். உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் காட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று ஆளைத் தள்ளியது. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். "ஏனுங்க ஆபீசர், காத்து இந்த அடி அடிக்குது. அங்கெ பாருங்க, நாலு காத்தாடி நிக்குது. எம்பட மோட்டாருக்கோ கரண்ட்டு இல்லை. இது என்னங்க கணக்கு?"

அன்றைக்கு எனக்குப் பதில் சரியாகத் தெரியவில்லை. "ரிப்பேரா இருக்குமுங்க" என்று ஏதோ சொல்லி வைத்தேன். ரிப்பேர் இல்லை. ஓடக்கூடிய காற்றாலையைத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் புரிந்துகொண்டேன். அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

கரண்ட்டு என்பது நெல் மாதிரி இல்லை. நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம், விலை வரும்போது எடுக்கலாம். கரண்ட்டை அப்படிப் பெரிய அளவில் கொட்டி வைக்க முடிவதில்லை. பாட்டரி இருக்கிறது, இப்போது பெரிது பெரிதாகவும் வருகிறது. ஆனாலும் ஒரு மாநிலத்தின் ஆடிக் காற்றையெல்லாம் பிடித்துத் தை மாதத்துக்கு வைக்கிற பாட்டரி கிடையாது. இந்த நொடியில் எவ்வளவு உற்பத்தியாகிறதோ, அவ்வளவையும் இந்த நொடியிலேயே யாராவது செலவழித்தாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

போரடிக்கும்போது மாடுகளைப் பிணையல் கட்டி ஓட்டியது உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே தாம்பில் ஐந்தாறு மாடு. எல்லாம் ஒரே நடையில் நடக்க வேண்டும். மின்சார நிலையங்களும் அப்படித்தான். நொடிக்கு 50 சுற்று என்ற ஒரே நடையில் எல்லா நிலையங்களும் சேர்ந்து ஓடுகின்றன. சுமை கூடினால் நடை தளரும். சுமை குறைந்தால் நடை எகிறும். ரொம்பவும் தவறிப்போனால், ஒரு மாடு விழுந்து மற்ற மாடுகளையும் இழுத்துக்கொண்டு விழுகிற கதைதான்.

அப்படி விழுந்ததும் உண்டு. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாட்களும் வட இந்தியாவில் மின்தொடர் சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று வட்டாரங்களும் இருண்டன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிற பகுதி. தெற்கே நமக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், நாம் அந்தப் பிணையலில் இல்லை. தென்னகம் அப்போது தனித் தாம்பு. வடக்கோடு நமக்கு இருந்ததெல்லாம் மடை வைத்த வாய்க்கால் மாதிரி சில இணைப்புகள்தான். திறந்த அளவுதான் வரும், திறந்த அளவுதான் போகும்.

தனியாக இருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம். அதே தனிமையால்தான் பெரியவரின் காத்தாடியும் நின்றது.

நம் மாநிலத்துக் காற்று ஒரு போகக் காற்று. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய நான்கு கணவாய் வழியாகவும் வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும். 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சிறிதாகத் தொடங்கிய வேலை, இன்றைக்கு 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலையாக நிற்கிறது. மெகாவாட் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு மெகாவாட்டில் 5 குதிரைசக்தி மோட்டார் சுமார் 250 ஓடும். காற்று நன்றாக வீசுகிற நாளில் 5,000 மெகாவாட்டைத் தாண்டுகிற வேளையும் உண்டு. தை மாசியில் பேருக்குத்தான் சுற்றும்.

ஆடியில் மழை பெய்து, ஊரே குளிர்ந்து, நடுராத்திரியில் யாருக்கும் கரண்ட்டு அவ்வளவாக வேண்டாத நேரத்தில் காற்று அடி அடியென்று அடிக்கும். அதை எடுத்துக்கொண்டு போகக் கம்பிகளும் போதவில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பலாம் என்றால் வழி குறுகல். என்ன செய்வார்கள்? நிறுத்து என்றார்கள். பெரியவரின் மோட்டார் ஓடாததற்குக் காரணம் வேறு. விவசாய லைனுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் விட்டார்கள். முறை வராத நேரத்தில் காற்று அடித்து என்ன பயன்? இரண்டையும் ஒரே வரப்பிலிருந்து பார்த்தால் அநியாயமாகத்தான் தெரியும். அவர் கோபம் தப்பில்லை.

2013 டிசம்பர் 31-ஆம் தேதி கர்நாடகத்து ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்துச் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் லைன் இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து தென்னகமும் அதே பிணையலில் சேர்ந்துவிட்டது. இந்தியா முழுவதும் ஒரே நடை. 2021-க்குள் சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் தடமும் வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட 1,765 கிலோமீட்டர், 6,000 மெகாவாட். அது இருவழிப் பாதை. நமக்குக் காற்று இல்லாதபோது அங்கிருந்து வரும். காற்று மிஞ்சும்போது இங்கிருந்து போகும். அங்கிருந்து வருவது பெரும்பாலும் நிலக்கரிக் கரண்ட்டுதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் காற்றுக்குப் போக வழி கிடைத்ததே, அதுதான் விசேஷம்.

இப்போது கைமாற்றுக்கு வருகிறேன். நம் ஊரில் அடுத்த வீட்டில் இரண்டு படி அரிசி கைமாற்று வாங்குகிறோம், அறுவடையானதும் திருப்பிக் கொடுக்கிறோம். காசு கைமாறுவதில்லை. மாநிலங்களும் கரண்ட்டை இப்படித்தான் கைமாற்றுச் செய்துகொள்கின்றன. பஞ்சாபை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நெல் நடவு ஜூன் மாதத்தில். அந்த நாலு மாதமும் லட்சக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் ஓடும்; கரண்ட்டுக்குப் பறப்பார்கள். குளிர்காலத்தில் கோதுமைக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம். அப்போது அவர்களிடம் மிஞ்சும். நமக்கோ மாசி முதல் சித்திரை வரைதான் இழுபறி. ஊரெல்லாம் மின்விசிறி, குளிர்சாதனம், காற்றும் இல்லை. அவர்கள் மிஞ்சிய காலத்தில் நமக்குக் கொடுத்தால், நாம் ஆடிக் காற்றில் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். வட மாநிலங்களோடு நம் வாரியம் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைச் செய்துகொள்வது வழக்கமாகிவிட்டது. வட்டியில்லாக் கைமாற்று என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தருகிற ஒப்பந்தமும் உண்டு. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். பல்லடத்தில் அடிக்கிற காற்றில் லூதியானாவில் ஒருவர் நாற்று நடுகிறார்!

பக்கத்து மாநிலங்களோடும் கணக்கு உண்டு. தென் மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவாகப் பெங்களூரில் ஒரு மின் குழுவும், மின்பளு நிர்வாக மையமும் இருக்கின்றன. நாளைக்கு யார் எவ்வளவு தருவது, யார் எவ்வளவு எடுப்பது என்பதை ஒரு நாளை 96 பங்காக்கி, 15 நிமிஷத்துக்கு ஒரு கணக்கு எழுதுகிறார்கள். காவிரித் தண்ணீருக்கு நீதிமன்றம் வரை போகிற மாநிலங்கள் கரண்ட்டை மட்டும் கால்மணிக்கு ஒரு தரம் பங்கு பிரித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் எப்போதும் ஒரு வியப்பு.

கேரளத்தில் இடுக்கி இருக்கிறது, 780 மெகாவாட். அது நீர் மின்சாரம். மடையைத் திறந்தால் கரண்ட்டு, அடைத்தால் தண்ணீர் அணையிலேயே நிற்கும். பகலில் மற்ற இடத்துச் சூரியக் கரண்ட்டை வாங்கி ஓட்டிவிட்டு, தண்ணீரைச் சாயந்திரம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு வைத்துக்கொண்டால் அணையே பாட்டரி ஆகிவிடுகிறது. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் தடம் ஒன்றும் 2021-ல் திறக்கப்பட்டிருக்கிறது.

நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு. ஆனைமலையில் கடம்பாறை, 400 மெகாவாட். கரண்ட்டு மிஞ்சும்போது கீழே மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் அதே தண்ணீரை இறக்கிக் கரண்ட்டு எடுக்கிறார்கள். நாலு பங்கு செலவழித்தால் மூன்று பங்குதான் திரும்பி வரும். நஷ்டம் மாதிரி தெரியும். ஆனால் வீணாய்ப் போகிற நாலைவிட, வேண்டிய நேரத்தில் கிடைக்கிற மூன்று மேல். பரம்பிக்குளம் - ஆழியாறு தண்ணீரைக் கேரளத்தோடு பங்கு வைத்து 1970-ல் ஒப்பந்தம் எழுதியது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடம்பாறையும் அந்த மலைத் தண்ணீரில் ஓடுவதுதான்.

இதெல்லாம் சரி, நமக்கு என்ன லாபம் என்பீர்கள். சூரியக் கரண்ட்டு பகலில்தான் வரும். அது கூடக் கூட, பம்புசெட்டுக்குப் பகலில் மும்முனை விடுவது வாரியத்துக்கும் சௌகரியம். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டும் தடியுமாக மோட்டார் போடப் போய், என் அப்பா ஒரு தரம் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அடியில் கண்ணாடி விரியனை மிதிக்கத் தெரிந்தார். பகல் கரண்ட்டின் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

நிலத்துச் சங்கதியையும் பேச வேண்டும். கர்நாடகத்துப் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. வறண்ட பூமி, சுமார் 13,000 ஏக்கர். நிலத்தை விலைக்கு வாங்காமல் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். தொடக்கத்தில் ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதம் கூடும். பட்டா நம் பெயரிலேயே இருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் காட்டில் களை வெட்டிப் பிழைத்த, ஆடு மேய்த்துப் பிழைத்த ஏழைக்குக் குத்தகைச் சீட்டு கிடையாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நல்ல நஞ்சையை இதற்குக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

உங்கள் கிணற்றுக்குச் சூரிய மோட்டார் வேண்டுமானால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். மானிய விகிதம் அவ்வப்போது மாறும், நேரில் கேட்பதே நல்லது. ஒரு எச்சரிக்கை. வெயில் உள்ளவரை செலவில்லாமல் ஓடுகிற மோட்டாரை நிறுத்த யாருக்கும் மனம் வராது. கிணறு எத்தனை நாளைக்குத் தாங்கும்? சொட்டுநீர் போட்ட பிறகு சூரிய மோட்டார் போடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

கடைசியாக, கோபுரங்கள். கரண்ட்டு கைமாற வேண்டுமென்றால் கம்பி யார் காட்டின் மேலாவது போயாக வேண்டும். மேற்கு மாவட்டங்களில் 2018, 2019-ல் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டுபோகச் சொன்னார்கள். திருச்சூர்த் தடத்தில் வடக்காஞ்சேரிக்கு அப்புறம் கேரளத்தில் கேபிளாகத்தான் போகிறது. அதனால் அவர்கள் கேட்டதை நடவாத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். செலவு பல மடங்கு என்பதும் உண்மை. நாடு முழுவதற்கும் நல்லது என்றால், அதன் பாரத்தை நாலு காட்டுக்காரர் தலையில் மட்டும் வைக்கலாமா?

கோபுரம் வந்தாலும் நிலம் உங்களுடையதுதான். கம்பிக்கடியில் பயிர் செய்யலாம், தென்னை வைக்க முடியாது. நஷ்டஈட்டுக்கு மத்திய அரசு 2015-ல் சொன்ன வழிமுறைப்படி, கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதம், கம்பி போகிற அகலத்துக்கு 15 சதம் வரை. 2024-ல் அதை 200 சதம், 30 சதம் என்று உயர்த்தினார்கள். இதை மாநில அரசு ஏற்று உத்தரவு போட வேண்டும்; உங்கள் மாவட்டத்தில் எது நடைமுறை என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அளக்க வருகிற அன்றே மரங்களை எண்ணி, கிராம நிர்வாக அலுவலரை வைத்துக் குறித்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு தென்னைக்கு வயது சொல்ல ஆள் கிடைக்காது. தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்ய 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டமே இடம் கொடுக்கிறது. வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.