பெருங்களத்தூரில் பிறந்த ஹெரால்டு

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது

"அந்தக் காலத்தில் சாலையில் என்னென்ன கார்கள் ஓடின?" என்று நம் தாத்தா, பாட்டியரைக் கேட்டுப் பாருங்கள். அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்ற மூன்று பெயர்களே விடையாக வரும். அம்பாசிடர் வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டது. பியட் பம்பாயில் செய்யப்பட்டது. ஹெரால்டு எங்கே செய்யப்பட்டது தெரியுமா? நம் சென்னையில், தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில்தான்! அதன் பிறப்பையும் வளர்ச்சியையும், அது மறைந்த காரணத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

தொழிற்சாலை தோன்றிய வரலாறு

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1903ஆம் ஆண்டு 'ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி' தொடங்கப்பட்டது. அது 1945இல் 'ட்ரயம்ப்' என்ற மற்றொரு நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. நம் நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள், சென்னையைச் சேர்ந்த யூனியன் கம்பெனி இந்த ஆங்கில நிறுவனத்துடன் கைகோத்து 'ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா'வை நிறுவியது. முதலில் வான்கார்டு என்ற பெரிய கார் இங்கே பூட்டப்பட்டது. பிறகு ஸ்டாண்டர்ட் எய்ட், ஸ்டாண்டர்ட் டென் போன்ற சிறு கார்கள் வந்தன.

1953இல் அரசு ஒரு முக்கிய முடிவை எடுத்தது. பாகங்களைக் கப்பலில் வரவழைத்துப் பூட்டி விற்பது மட்டும் போதாது, பாகங்களையே இந்தியாவில் செய்யத் திட்டமுள்ள நிறுவனங்கள்தாம் இங்கே தொழில் நடத்தலாம் என்பதே அது. அதற்கு உடன்படாத ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954இல் வெளியேறின. நிலைத்து நின்ற சிலவற்றுள் நம் பெருங்களத்தூர்த் தொழிற்சாலையும் ஒன்று.

இடையூறு தந்த புதுமை

ஹெரால்டின் அமைப்பு ஒரு நெருக்கடியிலிருந்து பிறந்தது. 1950களில் பல கார்கள் முட்டை ஓடு போன்ற ஒரே கூடாகச் செய்யப்பட்டன. அவற்றுக்குத் தனிச் சட்டம் இல்லை. உடலே பாரத்தைத் தாங்கும். ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு இத்தகைய உடல்களைச் செய்து கொடுத்த தொழிற்சாலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. இனி முழு உடலுக்கு எங்கே போவது?

அதனால் பொறியாளர்கள் பழைய முறைக்கே திரும்பினர். கீழே உறுதியான எஃகுச் சேசிஸ் ஒன்றை அமைத்தனர். உடலைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து, அதன் மேல் போல்ட் போட்டு இணைத்தனர். இத்தாலியின் டூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவன்னி மைக்கலோட்டி அதற்கு அழகிய வடிவம் வரைந்து தந்தார். 1959 ஏப்ரலில் 'ட்ரயம்ப் ஹெரால்டு' வெளிவந்தது. ஹெரால்டு என்றால் வருகையை முன்னால் வந்து அறிவிப்பவன். நம் தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரனைப் போன்றவன்!

இந்த அமைப்பினால் விளைந்த நன்மைகள் பல. மேல்பகுதியை மட்டும் மாற்றினால் இரண்டு கதவுக் கார், திறந்த கார், பின்னால் சாமான் ஏற்றும் எஸ்டேட் கார் என விதவிதமாகச் செய்யலாம். ஒரு பகுதி நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பானெட்டும் இரு பக்க மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். மெக்கானிக் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினைப் பழுதுபார்க்கலாம். முன்சக்கரங்கள் மிக அதிகமாகத் திரும்புவதால், சுமார் 25 அடி அகலத்துக்குள் வண்டி முழுவட்டம் அடித்துவிடும். எங்கள் தாத்தா 1969ஆம் ஆண்டு ஹெரால்டு ஒன்றை வைத்திருந்தார். மந்தைவெளித் தெருக்களில் அம்பாசிடர்காரர்கள் முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்பும்போது, தாம் ஒரே வீச்சில் திருப்பிவிடுவதாக இன்றும் பெருமையோடு கூறுவார்.

பின்சக்கரங்களின் கதை

ஹெரால்டில் இன்னொரு புதுமையும் இருந்தது. அக்காலத்துச் சிறு கார்கள் பலவற்றில் இரண்டு பின்சக்கரங்களும் காவடித் தண்டு போன்ற ஒரே இருசில் இணைந்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். ஹெரால்டிலோ ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். நடுவில் டிஃபரென்ஷியல் சேசிஸுடன் பிணைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இரு பக்கமும் பறவையின் சிறகுகள்போல அரை இருசுகள் நீளும். குறுக்கே வைத்த எஃகுப் பட்டை வில் ஒன்று இரண்டையும் தாங்கும். மேடு பள்ளமான சாலையில் இது சுகமான பயணத்தைத் தந்தது.

ஆயினும் அதிலொரு குறை இருந்தது. வளைவில் வேகமாகச் செல்லும்போது ஓட்டுநர் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், வண்டியின் பின்பகுதி மேலே எழும். உடனே சிறகுகள் கீழ்நோக்கித் தாழ, சக்கரங்கள் உட்பக்கமாக மடங்கித் தரையின் பிடியை இழக்கும். வண்டியின் பின்புறம் வழுக்கிச் சுழலவும் கூடும். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடணும்மா. உள்ளே நுழைஞ்சப்புறம் காலை எடுக்கக் கூடாது" என்று தாத்தா எனக்குச் சொன்னதன் பொருள், இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

இதே சேசிஸைக் குட்டையாக்கி, மேலே மைக்கலோட்டி வரைந்த இரண்டு பேர் அமரும் உடலைப் பொருத்தி, 1962இல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற விளையாட்டுக் காரை ட்ரயம்ப் வெளியிட்டது. பணமுடையால் அதன் மாதிரி வண்டி தொழிற்சாலையின் மூலையில் துணி மூடிக் கிடந்ததாம். 1961இல் நிறுவனத்தை வாங்கிய லேலண்ட் அதிகாரிகள் துணியை விலக்கிப் பார்த்து, உடனே ஒப்புதல் அளித்தார்களாம். ஸ்பிட்ஃபயர் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமாக விற்பனையானது. நம் தெருக்களில் ஓடிய அமைதியான ஹெரால்டு அந்த வேகக் காரின் உடன்பிறப்பு என்பது வியப்பன்றோ!

இந்திய ஹெரால்டு

1961இல் பெருங்களத்தூரிலிருந்து ஹெரால்டு வெளிவந்தது. இங்கே அதன் பெயர் 'ட்ரயம்ப்' அன்று, 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு'. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற கார்ப் பெயர் 1963இல் மறைந்தது. சென்னையிலோ அப்பெயர் மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்தது.

நம் பொறியாளர்கள் வெறுமனே பார்த்துச் செய்துகொண்டிருக்கவில்லை. மார்க் 1, மார்க் 2, மார்க் 3 என்று வண்டி படிப்படியாக மாறியது. வெளிநாட்டுப் பாகங்கள் குறைந்து, ஏறக்குறைய முழுவதும் உள்நாட்டுப் பாகங்களாயின. ஆங்கில ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பெரிய குடும்பங்கள் பயணம் செய்யும் நம் நாட்டில் அது வசதிப்படுமா? முன்னிருக்கையை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்றுவது எத்தனை பாடு! எனவே 1960களின் இறுதியில் நான்கு கதவு ஹெரால்டைச் சென்னையிலேயே உருவாக்கினர். ஐந்து கதவு எஸ்டேட் காரும் வந்தது. இவை இங்கிலாந்திலும் இல்லாதவை.

1972இல் முன்புறத்தையும் டிக்கியையும் மாற்றி 'கெஸல்' என்ற பெயரில் வெளியிட்டனர். கெஸல் என்பது துள்ளி ஓடும் ஒரு வகை மான். தனித்தனியே ஆடும் பின்சக்கர அமைப்பைப் பழுதுபார்ப்பது நம் மெக்கானிக்குகளுக்குத் தொல்லையாக இருந்ததால், கெஸலில் அதை நீக்கி ஒரே கனமான இருசைப் பொருத்தினர். புதுமையைக் கைவிட்டுப் பழமைக்குத் திரும்பியது முன்னேற்றமா என்று கேட்கலாம். எந்த ஊரிலும் எளிதில் பழுதுபார்க்க முடிவதும் ஒரு வண்டிக்கு நற்பண்பே என்பது என் கருத்து.

ஆனால் ஒன்று மட்டும் மாறவேயில்லை. அதுதான் என்ஜின். ஆங்கில ஹெரால்டின் என்ஜின் 948 கன சென்டிமீட்டரிலிருந்து 1961இல் 1147 ஆகவும், 1967இல் 1296 ஆகவும் வளர்ந்தது. இந்திய வண்டி 1961இல் பெற்ற 948ஐயே கடைசிவரை சுமந்தது. 1977இல் கெஸலும் நின்றுவிட்டது.

ஜப்பானில் நடந்தது என்ன?

இங்கே ஓர் ஒப்பீடு செய்து பார்ப்போம். 1949இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 'ஆஸ்டின் ஏ40' என்ற ஆங்கிலக் காரைப் பூட்டத் தொடங்கியது. (அதுவே பின்னர் அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் தொழிலில் புகழ்பெற்றது.) ஜப்பானில் நிஸ்ஸான் நிறுவனமும் அதே ஆஸ்டினுடன் 1952இல்தான் ஒப்பந்தம் செய்து, அதே ஏ40 காரைப் பூட்டக் கற்றது. அதாவது, நம் ஊர் மூன்று ஆண்டுகள் மூத்த மாணவி!

1969இல் அந்த நிஸ்ஸான் தன் சொந்த விளையாட்டுக் காரை வெளியிட்டது. ஜப்பானில் 'ஃபேர்லேடி இசட்', அமெரிக்காவில் 'டாட்சன் 240இசட்' என்பது அதன் பெயர். நீண்ட பானெட்டும், ஆறு சிலிண்டர்களும், 2393 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய என்ஜின் சுமார் 150 குதிரைத்திறன் தந்தது. அதன் பின்சக்கரங்களும் தனித்தனியே இயங்கின. ஆனால் ஹெரால்டைப்போல் மடங்கிப் பிடி இழக்காதபடி அமைக்கப்பட்டிருந்தன. 1971இலும் 1973இலும் கடினமான கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில் அந்தக் கார் வெற்றி பெற்றது. 1973இல் அதை ஓட்டி வென்றவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. 260இசட், 280இசட் என வளர்ந்து, 1978க்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. ஆசிரியராக இருந்த ஆங்கிலேயரின் விளையாட்டுக் கார்களை அமெரிக்கச் சந்தையில் மாணவரான ஜப்பானியர் பின்தள்ளினர்.

காரணம் யாது?

நம்மவர்களுக்குத் திறமை இல்லையா? இல்லை என்று கூற முடியாது. நான்கு கதவு ஹெரால்டே அதற்குச் சாட்சி. வெளிநாட்டுக் கார்களை வரியால் தடுத்தது நம் அரசு மட்டுமன்று. ஜப்பானும் அவ்வாறே செய்தது. ஆனால் அங்கே டொயோட்டா, நிஸ்ஸான், ஹோண்டா, மாஸ்டா எனப் பல நிறுவனங்கள் உள்நாட்டிலேயே கடுமையாகப் போட்டியிட்டன. வெளிநாட்டுக்கும் விற்றாக வேண்டியிருந்தது. இங்கோ எத்தனை வண்டிகள் செய்யலாம் என்பதற்கும் உரிமம் வேண்டும். விலையையும் அரசு கட்டுப்படுத்தியது. மூன்றே கார்கள், வாங்குவோரோ காத்திருந்தனர். புதிய என்ஜினுக்குச் செலவிடப் பணமும் குறைவு, வற்புறுத்துவாரும் இல்லை.

1983இல் ஜப்பானின் சுசூகி துணையுடன் மாருதி 800 வந்தபோதுதான் அதன் விளைவு தெரிந்தது. 1985இல் பெருங்களத்தூர் மீண்டும் முயன்றது. ரோவர் எஸ்.டி.1 என்ற நேர்த்தியான ஆங்கிலக் காரின் உடலைக் கொண்டு 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற விலையுயர்ந்த காரை வெளியிட்டது. ஆனால் உள்ளே இருந்தது பழைய வான்கார்டு வழி வந்த 1991 கன சென்டிமீட்டர் என்ஜின். புதுச் சட்டைக்குள் முதிய இதயம்! மக்கள் அதை விரும்பவில்லை. 1988க்குள் உற்பத்தி நின்றது. தொழிலாளர்கள் வேலை இழந்தனர். அந்த நிலத்தில் பின்னர் அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன.

இன்று சென்னையைச் சுற்றி மீண்டும் கார்த் தொழில் செழித்துள்ளது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. ஒருகாலத்தில் நமக்கு இளைய மாணவியாக இருந்த நிஸ்ஸானின் பெயரில் 2010இல் ஒரகடத்தில் ரெனோவுடன் கூட்டாக ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆயினும் அவற்றின் பெயர்ப்பலகையில் இருப்பது வேற்று நாட்டுப் பெயர்கள்.

அன்புத் தோழியரே! முதல் வகுப்பில் ஆசிரியை எழுதித் தந்த எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டி எழுதப் பழகினோம். அது இழிவன்று, எல்லாரும் அப்படித்தான் தொடங்க வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்பிலும் அதையே செய்துகொண்டிருந்தால் நம் கையெழுத்து என்று ஒன்று எப்போது உருவாகும்? நம்முள் சிலர் நாளை பொறியியல் கற்பார்கள். பழைய கார்களின் அணிவகுப்பில் ஒரு ஹெரால்டைக் கண்டால், சற்று நின்று அதன் பின்கதவுகளைப் பாருங்கள். அவை மட்டும் எவர் எழுத்தின் மீதும் ஓட்டப்பட்டவை அல்ல. அவை சென்னையின் சொந்தக் கையெழுத்து.