டர்போ எஞ்சினுக்கு மாற்றுப் பிஸ்டன்: பொருத்துமுன் கவனிக்க வேண்டியவை

பழைய டிராக்டரை வாங்கித் தொழில் செய்யும் சிறு விவசாயிகளுக்கு எஞ்சின் வேலை என்பது பெருஞ்செலவு. எஞ்சின் புகை கக்கி, ஆயில் குடிக்கத் தொடங்கிவிட்டால் லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என அனைத்தையும் மாற்ற நேரிடுகிறது. டர்போ உள்ள எஞ்சினுக்குப் பிஸ்டன் செட்டின் விலையும் பெரும்பாலும் கூடுதல். "டர்போ இல்லாத எஞ்சினின் பிஸ்டனும் இதே சைஸ்தான், அதையே போட்டுவிடலாம்" என்ற யோசனை அப்போது பட்டறையில் எழுவதுண்டு. இதை எப்போது ஏற்கலாம், எப்போது ஏற்கக் கூடாது என்பதை உழவர்கள் அறிந்திருப்பது நலம்.

ஒரே குடும்பம், வெவ்வேறு பிஸ்டன்

எஞ்சின் தயாரிப்பாளர்கள் ஒரே அளவுகளை வைத்துக்கொண்டு பல வகை எஞ்சின்களைச் செய்வது வழக்கம். தமிழ்நாட்டு உழவர்கள் நன்கு அறிந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களில் இடம்பெற்ற பெர்கின்ஸ் எஞ்சின்கள் இதற்கு நல்ல சான்று. 3 சிலிண்டர் கொண்ட 3.152, 4 சிலிண்டர் கொண்ட 4.203 ஆகிய இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 91.4 மி.மீ.; பிஸ்டன் ஓட்டம் 127 மி.மீ. ஆனால் இவ்விரு குடும்பங்களிலும் டீசல் நேராகப் பிஸ்டன் தலைக்குழியில் பீய்ச்சப்படும் வகையும் உண்டு. ஹெட்டில் உள்ள தனி அறையில் பீய்ச்சப்படும் வகையும் உண்டு. ஒரு வகையின் பிஸ்டன் மற்றதன் லைனருக்குள் சரியாக இறங்கும். ஆனால் டீசல் சரியாக எரியாது. எனவே, விட்டம் ஒத்திருப்பதை மட்டும் கொண்டு பிஸ்டன் பொருந்தும் என்று முடிவு செய்யக் கூடாது.

டர்போவால் வரும் வேறுபாடு

டர்போ என்பது புகைபோக்கி வழியே வீணாகும் சூடான புகையின் வேகத்தால் சுழலும் காற்றழுத்தி. இது சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணிக்கிறது. அதற்கேற்பக் கூடுதல் டீசலும் எரிக்கப்படுவதால் சக்தி உயர்கிறது; பிஸ்டன் தலையில் விழும் அழுத்தமும் வெப்பமும் உடன் உயர்கின்றன. இதைத் தாங்குவதற்காகப் பல டர்போ எஞ்சின்களில் பிஸ்டனின் முதல் ரிங் காடியில் இரும்பு வளையம் வார்க்கப்பட்டிருக்கும். பிஸ்டன் பின் தடிமனாக இருக்கும். அடியிலிருந்து பிஸ்டன் மீது ஆயில் பீய்ச்சும் ஜெட்டும் இருக்கும். அழுத்த விகிதமும் சற்றுக் குறைவாக வைக்கப்படுவதுண்டு.

இந்த ஏற்பாடுகள் இல்லாத சாதாரணப் பிஸ்டனைப் போட்டால், வண்டி தொடக்கத்தில் நன்றாகவே ஓடும். பாரமான உழவிலும், ஏற்றத்தில் டிரெய்லர் இழுக்கும்போதும்தான் கேடு தெரியும். ரிங் காடி உடையலாம். பிஸ்டன் தலை உருகலாம். பிஸ்டன் லைனரில் பிடித்துக்கொள்ளலாம். உடைந்த துண்டுகள் டர்போவையும் கெடுக்கும். மாறாக, டர்போ பிஸ்டனைச் சாதாரண எஞ்சினில் போட்டால், அழுத்தம் குறைவதால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகும்; வெண்புகை வரும்.

அரை மில்லிமீட்டரின் மதிப்பு

விட்டம் 98.4 மி.மீ., ஓட்டம் 127 மி.மீ. உள்ள பெர்கின்ஸ் 4.236 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு சுமார் 966 கன செ.மீ. அழுத்த விகிதம் 16-க்கு 1 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 64 கன செ.மீ. மட்டுமே. மாற்றுப் பிஸ்டன் வெறும் அரை மி.மீ. உயரமாக இருந்தாலும் இந்த இடத்தில் ஏறக்குறைய 4 கன செ.மீ. குறையும், விகிதம் 17-க்கு 1 என்ற அளவை நெருங்கிவிடும். டர்போ தரும் அழுத்தமும் இதனுடன் சேரும்போது ஹெட் கேஸ்கட்டும் பேரிங்கும் தாங்குவது கடினம்.

பொருத்துமுன் பார்க்க வேண்டியவை

1. உதிரிபாகப் புத்தகத்தில் இரு எஞ்சின்களுக்கும் ஒரே பாக எண் தரப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும். ஒரே எண்ணாக இருந்தால் தயக்கமின்றிப் போடலாம்.
2. எண் வேறாக இருந்தால், பழைய பிஸ்டனையும் புதியதையும் அருகருகே வைத்துப் பின்னின் விட்டத்தையும், பின் மையத்திலிருந்து தலை வரையுள்ள உயரத்தையும் அளக்கவும்.
3. தலைக்குழியின் வடிவமும் இடமும் ஒத்திருக்க வேண்டும். ஊசிக்குழலால் மண்ணெண்ணெய் நிரப்பி, இரு குழிகளின் கொள்ளளவையும் ஒப்பிடலாம்.
4. ரிங்குகளின் தடிமன், முதல் காடியில் இரும்பு வளையம், வால்வுக்கான பள்ளம், ஆயில் ஜெட்டில் இடிக்காதபடி அடியில் விட்டுள்ள வெட்டு ஆகியவற்றைச் சரிபார்க்கவும்.
5. எல்லாப் பிஸ்டன்களையும் தராசில் நிறுக்கவும். ஒரே செட்டாகவே போட வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் வேறு வகையாகக் கலக்கக் கூடாது.

இவற்றில் ஒன்று மாறுபட்டாலும் அந்தப் பிஸ்டனைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

எல்லாம் ஒத்திருந்தாலும், ஹெட்டை இறுதியாக மூடுமுன் ஈயக் கம்பிச் சோதனை அவசியம். பிஸ்டன் தலையில், பின்னுக்கு நேர்மேலே, குழியும் வால்வுப் பள்ளமும் இல்லாத சமதளத்தில் இருபுறமும் ஈயக் கம்பித் துண்டுகளை வைத்து, கேஸ்கட்டுடன் ஹெட்டை உரிய இறுக்கத்தில் பூட்டி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு கழற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை எஞ்சின் கையேட்டில் உள்ள இடைவெளி அளவுடன் ஒப்பிட வேண்டும்.

எங்கே சிக்கனம் செய்யலாம்?

கிராங்க் ஷாஃப்டைப் புதிதாக வாங்காமல் சாணை பிடித்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். ஹெட்டைத் தளம் சீர்செய்து, வால்வுகளைத் தேய்த்துப் பயன்படுத்தலாம். டர்போவுக்கே செலவு செய்ய இயலாதவர்கள் அதைக் கழற்றிவிட்டு, அதே எஞ்சினின் டர்போ இல்லாத வகைக்கு முழுமையாக மாற்றலாம். அப்போது பிஸ்டனுடன் நாசில், டீசல் பம்பு அளவு, மேனிஃபோல்டு ஆகியவற்றையும் அந்த வகைக்கே மாற்ற வேண்டும். சக்தி குறையும் என்பதால் கலப்பையின் பாரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

டர்போவை வைத்துக்கொள்பவர்கள் டர்போவுக்கு உரிய பிஸ்டனையே போட வேண்டும். விலை குறைந்த பிஸ்டனில் மிச்சமாகும் பணம் ஒரு செட்டுக்கு மட்டுமே. அது உழவு நடுவில் உடைந்தால் லைனர், ஹெட், டர்போ ஆகியவற்றின் செலவோடு, ஈரம் இருக்கும்போதே விதைக்க வேண்டிய நாட்களும் போய்விடும். எஞ்சினைப் பிரித்த அன்றே இந்த அளவுகளை மெக்கானிக்குடன் உட்கார்ந்து குறித்துக்கொண்டு, அதன் பிறகு கடைக்குச் செல்வது நல்லது.