திருச்சி சுருட்டுக்கு 62 பாயின்ட்! ஸ்க்ராபிளில் கைகொடுக்கும் நம்ம ஊர் வார்த்தைகள்

லீவு நாளில் பிள்ளைகள் ஸ்க்ராபிள் பலகையை விரித்தால், 'நமக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராதுப்பா' என்று நழுவும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்த ஆட்டத்தில் ஜெயிக்கவைக்கும் சில வார்த்தைகள் திருச்சிக்காரர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்தவை!

சி, ஹெச், இ, ஆர், ஓ, ஓ, டி. இந்த ஏழு எழுத்துகள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? வெறுமனே உற்றுப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. சேர்ந்தே திரியும் ஜோடியை முதலில் தேடுங்கள். ஆங்கிலத்தில் 'சி'யும் 'ஹெச்'சும் அப்படியொரு ஜோடி. அதை முன்னால் வைத்தால் 'சோர்' கிடைக்கும். கடைசியில் வைத்தால் 'டார்ச்'. மறுபடி முன்னால் வைத்து ஏழு எழுத்துகளையும் சேர்த்தால், 'செரூட்'!

செரூட் வேறொன்றுமில்லை, நம்ம சுருட்டுதான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வார்த்தை. திருச்சி சுருட்டின் புகழ் லண்டன் வரை பரவியிருந்தது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலை வைத்தே அது திருச்சி சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார் ஹோம்ஸ்.

ஸ்க்ராபிளில் இதன் எழுத்துகளுக்கு 12 பாயின்ட். ஏழு எழுத்துகளையும் ஒரே தடவையில் இறக்கினால் போனஸ் 50. ஆக மொத்தம் 62. பலகையில் இருக்கும் சிறப்புக் கட்டங்களில் விழுந்தால் இன்னும் கூடும். புகைத்தால் கேடு, பலகையில் வைத்தால் லாபம்!

அடுத்து 'அனிகட்'. அணைக்கட்டு என்பதுதான் ஆங்கிலேயர் வாயில் இப்படி ஆனது. கல்லணையை 'கிராண்ட் அனிகட்' என்பார்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டியது 'அப்பர் அனிகட்'. அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். ஏ, ஐ, யு என்று மூன்று உயிரெழுத்துகள் கையில் சிக்கித் திண்டாடும்போது, சி, என், டி துணைக்கு இருந்தால் அனிகட்டை இறக்கிவிடலாம். சின்ன அகராதிகளில் இந்த வார்த்தை இருக்காது. எந்த அகராதி செல்லும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளைக் கொடுத்தால் வார்த்தையைக் கண்டுபிடித்துத் தரும் ஆப்கள் போனிலேயே இருக்கின்றன. ஆனால், ஆப் காட்டும் வார்த்தை அந்த ஆட்டத்தோடு மறந்துபோகும். முக்கொம்பில் பிள்ளைகளோடு நின்று, 'இதுதான் அனிகட்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அந்த ஆறு எழுத்துகளும் அவர்களுக்கு மறக்கவே மறக்காது. கட்டுமரம், பந்தல், மிளகுத்தண்ணீர் எல்லாமே இப்படி ஆங்கில அகராதிக்குள் குடியேறியவைதான். அதனால், ஆட்டத்தில் தாத்தா, பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!

கடைசியாக, உங்களுக்கு ஒரு புதிர். ஜி, இ, ஓ, சி, என், இ. ஆறு எழுத்து ஆங்கில வார்த்தை, தமிழிலிருந்து போனது. காய்ச்சல் என்று படுத்தால், வீட்டில் முதலில் இதைத்தான் கொடுப்பார்கள். என்ன அது?

(விடை: காஞ்சி. அதாவது, நம்ம கஞ்சி!)