ஜீனோவுக்கு எத்தனை பிறந்தநாள்?

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க வீட்டுல அறுபது வயசு தாண்டினவங்க யாராவது இருந்தா, அவங்க பிறந்தநாள் என்னைக்குன்னு கேளுங்க. ஒரே பதில் வராது. நட்சத்திரப் பிறந்தநாள் ஒண்ணு இருக்கும். இங்கிலீஷ் தேதி ஒண்ணு இருக்கும். ஸ்கூல்ல சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பா போட்டுவிட்ட தேதி ஒண்ணு இருக்கும். ஆதார்ல இருக்கறது பெரும்பாலும் அந்த மூணாவதுதான்.

அறிவியல் புனைகதைக்கும் இதே கதைதான். ஒரு தொடருக்கு ரெண்டு பிறந்தநாள் இருக்கு. முதல் பிறந்தநாள், அது வெளியான தேதி. ரெண்டாவது, அந்தக் கதை எந்த வருஷத்துல நடக்கறதா எழுதியிருக்காங்களோ அந்த வருஷம் நிஜமாவே காலண்டர்ல வர்ற நாள். குடும்பக் கதைக்கோ சரித்திரக் கதைக்கோ இந்த ரெண்டாவது பிறந்தநாள் கிடையாது.

(பின்னாடி தடதடன்னு சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. நான் ரெகார்ட் பண்றது அண்ணனூர்ல. மின்சார ரயில் கார் ஷெட் பக்கத்துல. ரேக் உள்ள போகும், வெளிய வரும். எடிட்டிங்ல எவ்வளவு தேய்ச்சாலும் அது போகாது.)

முதல் பிறந்தநாளுக்கு நல்ல உதாரணம் 'டாக்டர் ஹூ'. பிபிசியில 1963 நவம்பர் 23-ல ஆரம்பிச்ச தொடர். 2013-ல அதே தேதியில ஐம்பதாவது வருஷ ஸ்பெஷல் எபிசோடை 94 நாடுகள்ல ஒரே நேரத்துல ஒளிபரப்பினாங்க. கின்னஸ் சாதனைன்னு பதிவாச்சு. பிரமாண்டம்தான். ஆனா எனக்கு ரெண்டாவது பிறந்தநாள் கொண்டாட்டங்கள்தான் சுவாரஸ்யமா இருக்கு, ஏன்னா அங்க ரசிகர்கள் கதைக்குள்ளயே போய் நின்னுக்கறாங்க.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படம் 1968-ல வந்தது. அதுல ஹால்னு ஒரு கம்ப்யூட்டர். தான் இல்லினாய் மாநிலத்துல அர்பானாங்கிற ஊர்ல செயல்பட ஆரம்பிச்சதா அதுவே சொல்லும். படத்துல அந்த வருஷம் 1992. ஆர்தர் சி. கிளார்க் எழுதின நாவல்ல 1997. அதாவது ஹாலுக்கும் ஸ்கூல் சர்டிபிகேட் பிரச்சினை! அர்பானாவுல இருக்கற இல்லினாய் பல்கலைக்கழகம் நாவல் தேதியை எடுத்துக்கிட்டு, 1997-ல ஒரு கற்பனைக் கம்ப்யூட்டருக்கு விழாவே நடத்துச்சு. கிளார்க் இலங்கையில இருந்துக்கிட்டே அதுல கலந்துக்கிட்டார். 'பேக் டு தி ஃப்யூச்சர்' ரெண்டாம் பாகத்துல ஹீரோ போய் இறங்கற 2015 அக்டோபர் 21 வந்தப்போ என்ன அமர்க்களம்னு உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும்.

இதுல என் மனசுக்குப் பக்கத்துல இருக்கறது ஜப்பான். ஒசாமு தெஸூகா 1952-ல வரைய ஆரம்பிச்ச ஆட்டம்ங்கிற ரோபோ சிறுவன், நமக்கு ஆஸ்ட்ரோ பாய். கதைப்படி அவன் பிறந்தது 2003 ஏப்ரல் 7. அந்த நாள் வந்தப்போ, தெஸூகாவோட ஸ்டூடியோ இருந்த நீஸாங்கிற ஊர் நகராட்சி, ஆட்டமைத் தங்க ஊர்வாசியா பதிவு பண்ணிக்கிச்சு. டோக்கியோவுல தகதனோபாபான்னு ஒரு ரயில்வே ஸ்டேஷன். ஆட்டம் பிறந்த இடமா கதையில வர்றது அந்த ஏரியாதான். அங்க ரயில் கிளம்பும்போது பிளாட்பாரத்துல ஒலிக்கறது ஆட்டமோட பாட்டு. தினமும். ஆபீஸ் போறவன், காலேஜ் போறவன் எல்லாரும் அதைக் கேட்டுக்கிட்டேதான் வண்டி ஏறறாங்க. திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவுல ஒரு ஸ்டேஷன் பக்கத்துல வளர்ந்தவனுக்கு இதைப் படிச்சா பொறாமை வராம இருக்குமா?

பொறாமைக்குக் காரணம் இருக்கு. நமக்கும் ஒரு ஆட்டம் இருந்தான். நாலு கால், ஒரு வாலு. ஜீனோ.

சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' 1980கள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்தது. அப்புறம் 'மீண்டும் ஜீனோ'. முதல் கதை தூர்தர்ஷன்ல டிவி தொடராவும் வந்தது. ஆக, இந்தத் தொடருக்கு இப்போ நாற்பது வயசு. நாற்பது வருஷக் கதைக்கு ஸ்பாய்லர் அலர்ட் எல்லாம் தர மாட்டேன். வேணும்னா ஒரு நிமிஷம் தள்ளி விட்டுக்கோங்க.

கதை நடக்கறது 2021-ல. ஜீவாங்கிற சர்வாதிகாரி இந்தியாவை ஆளறார். யார் பிறக்கணும், யார் சாகணும்னு அரசாங்கம் முடிவு பண்ணும். குழந்தை பெத்துக்கவே அனுமதி வேணும். நிலாங்கிற பொண்ணு, அவ புருஷன் சிபி. சிபி காணாம போறான். அவங்க வீட்டுக்குக் குடிவர்ற ரவி ஒரு குட்டி இயந்திர நாயைக் கூட்டிட்டு வர்றான். அதுதான் ஜீனோ. ரவியும் மனோவும் சேர்ந்து ஜீவாவைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடறாங்க. கடைசியில பார்த்தா ஜீவான்னு ஒரு ஆளே கிடையாது, வெறும் ஹோலோகிராம். ரெண்டாவது பாகத்துல நிலா பேருக்கு ராணி, அதிகாரம் ரவி, மனோ கையில. பேரையெல்லாம் கவனிச்சீங்களா? நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ. எல்லாம் ரெண்டே எழுத்து. நீளமான பேருக்குக்கூட இடமில்லாத ஊர் அது.

அந்த 2021 நமக்கு நிஜமாவே வந்தது. கூடவே ஒரு நூற்றாண்டும் வந்தது. ரோபோங்கிற வார்த்தையையே உலகத்துக்குக் கொடுத்த காரெல் சாப்பெக்கோட நாடகம் முதல்முறையா மேடையேறினது 1921 ஜனவரி. சரியா நூறு வருஷம். சுஜாதா பிறந்தநாள் மே 3. அந்த வருஷம் அதுக்கு முந்தின நாள், மே 2-ல, தமிழ்நாட்டுத் தேர்தல் வோட்டு எண்ணிக்கை. சுஜாதா பெங்களூர் பெல் நிறுவனத்துல இன்ஜினியரா இருந்தப்போ வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கினதுல முக்கியமான ஆள்னு தெரியும் இல்லையா? அவர் கைபட்ட இயந்திரம் ஊர் ஊரா ஜனங்க வோட்டைக் காட்டிட்டிருக்கு. மறுநாள் அவரோட 86-வது பிறந்தநாள். அதுவும் அவர் கதை நடக்கற வருஷத்துல. இதைவிட ஒரு நாள் அமையுமா?

கொண்டாட ஆள் இல்லை. கொரோனா ரெண்டாவது அலை. ஆஸ்பத்திரி வாசல்ல ஆக்சிஜனுக்கு ஆம்புலன்ஸ் வரிசை. மின்சார ரயில்ல முன்களப் பணியாளர்களை மட்டும்தான் ஏத்தினாங்க. எங்க கார் ஷெட்ல வண்டிங்க பகல்லயே வரிசையா தூங்கிச்சு. அப்பதான் இந்தச் சத்தம் இல்லாத அண்ணனூரை முதல்முறையா கேட்டேன்.

ரசிகர்கள் செஞ்சதெல்லாம் போன்லதான். வாட்ஸ்அப்ல பழைய அட்டைப்படம், கூடவே ஒரு வரி: "சுஜாதா அன்னைக்கே சொன்னாரு." இந்த வரி மேல எனக்கு ஒரு சின்னக் கடுப்பு உண்டு. எழுத்தாளரை ஜோசியக்காரர் ஆக்கிட்டு, எது பலிச்சுது, எது பலிக்கலைன்னு மார்க் போடற வேலை அது. பத்துக்கு ஏழு வாங்கிட்டார், பாஸ். அதோட புத்தகத்தை மூடிடலாம்.

ஆனா எங்க வீட்டுல அந்த மே மாசம் வேற மாதிரி நடந்தது. எங்க பெரியப்பா திருச்சியில தவறிட்டார். அத்தைக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பதிவு பண்ணணும். நான்தான் போன்ல ஃபார்ம் நிரப்பிட்டிருந்தேன். அத்தை பக்கத்துல உக்காந்திருந்தாங்க.

"என்னடா கேக்குது?"

"போறதுக்குக் காரணம் கேக்குது அத்தை."

"என்ன போட்ட?"

"லிஸ்ட்ல மருத்துவம் இருக்கு, முதியோர் பராமரிப்பு இருக்கு, இறப்பு இருக்கு. இறப்பு போட்டுட்டேன்."

பதிவு உடனே கிடைச்சிடுச்சு. அதுல ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்துக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு தேவைன்னும் எங்களுக்குத் தெரியும். ஆனா அத்தை அந்த ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு, "நிலா குழந்தைக்குப் பர்மிஷன் வாங்குவாளே... படிக்கும்போது சிரிச்சேன்டா" அப்படின்னாங்க. ஊருக்குப் போயிட்டு வந்து, பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிஞ்சப்புறம், பரண்லேருந்து அந்த பைண்டை இறக்கச் சொன்னாங்க.

பைண்டு தெரியாத 2கே மக்களுக்கு: அப்போ வாரப் பத்திரிகையில தொடர்கதை வந்தா, வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழிச்சு எடுத்து வெப்பாங்க. தொடர் முடிஞ்சதும் பைண்டிங் கடையில கொடுத்து காலிகோ அட்டை போட்டு ஒரு புத்தகமா ஆக்கிக்குவாங்க. எங்க அத்தை பைண்டுல நடுவுல ரெண்டு வாரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரங்க இரவல் வாங்கிட்டுப் போய் திருப்பித் தரலை. அந்தக் கோபம் இன்னும் ஆறலை.

ராத்திரி சாப்பிட்டதும் அத்தை சத்தமா படிப்பாங்க, நாங்க நாலு பேர் கேப்போம். ஒவ்வொரு வாரத்துப் பகுதி முடிவுலயும் 'தொடரும்'னு இருக்கும். அங்க மூடிடுவாங்க. என்ன கெஞ்சினாலும் மறுநாள்தான். "நாங்க ஏழு நாள் காத்திருந்தோம், உனக்கு ஒரு நாள் இருக்க முடியலையா?" புத்தகமா வந்த பதிப்புல இந்தக் காத்திருப்பு போயிடுது. ஒரே மூச்சுல 200 பக்கம் தள்ளும்போது ஜீனோ வேகமான திரில்லர். நாளுக்கு ஒரு அத்தியாயம் கேக்கும்போது, நிலாவோட பயம் வீட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கும்.

அத்தைக்கு ஏன் அப்போ சிரிப்பு வந்துச்சுன்னு யோசிச்சப்போதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. எமர்ஜென்சி 1975 ஜூன்ல ஆரம்பிச்சு 1977 மார்ச்ல முடிஞ்சப்போ அவங்க டீன் ஏஜ். அந்த வருஷங்கள்ல வட மாநிலங்கள்ல ஆள் பிடிச்சு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினாங்க, அதிகாரிகளுக்கு இத்தனை பேருன்னு டார்கெட். பக்கத்துல சீனாவுல 1980 வாக்குல ஒரு குழந்தைக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. நம்ம ஊர்ல டெலிபோனுக்கு எழுதிப் போட்டு வருஷக்கணக்கா காத்திருந்த காலம். ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல '1984'னு நாவல் எழுதி, அந்த 1984 நிஜமாவே வந்து, அவர் சொன்னது நடந்துச்சான்னு உலகம் பூரா பேசி முடிச்சிருந்தாங்க. அந்தச் சூட்டுலதான் சுஜாதா உக்காந்து ஜீனோ எழுதறார். சர்வாதிகாரியை அவர் 2021-லேருந்து எட்டிப் பிடிச்சுக் கொண்டுவரலை. தன் வாசகர்கள் பத்து வருஷம் முன்னாடி பார்த்ததை எடுத்து, தூரமா ஒரு வருஷத்துல வெச்சுக் காட்டினார். தூரமா இருந்ததால சிரிக்க முடிஞ்சுது. என் கணிப்பு இதுதான்.

அப்போ ரெண்டாவது பிறந்தநாள் எதுக்கு? தூரம் தீர்ந்து போற நாள் அது. கதை பக்கத்துல வந்து நிக்கும்போது மறுபடி படிச்சா வேற இடத்துல சுருக்குனு குத்தும். ஜீவா ஹோலோகிராம்ங்கிறது 1980கள்ல ஒரு கிளைமாக்ஸ் ட்விஸ்ட். 2014 மக்களவைத் தேர்தல் பிரசாரத்துல ஒரே பேச்சை ஹோலோகிராமா பல ஊர்ல ஒரே நேரத்துல காட்டினாங்க. 2024-ல கருணாநிதி ஏஐ வீடியோவா மேடைத் திரையில வந்து பேசினார். அதே வருஷம் ஜெயலலிதா குரலையும் ஏஐ-ல கொண்டுவந்தாங்க. கைதட்டினோம், ஃபார்வர்ட் பண்ணினோம். இன்னைக்கு ஒரு பையன் முதல்முறையா அந்த நாவலைப் படிச்சா, "ஆள் இல்லையா, சரி, அதனால என்ன?"னு கேக்க வாய்ப்பிருக்கு. எனக்குப் பயம் அந்தக் கேள்விதான்.

ஜீனோவும் மாறிடுச்சு. ஒரு பொம்மை மாதிரி வீட்டுக்குள்ள வந்த நாய், புத்தகமா படிச்சுத் தள்ளி, தானா யோசிக்க ஆரம்பிச்சு, நிலாவுக்கு ஒரே துணையா ஆகுது. சோனி 1999-ல ஐபோங்கிற ரோபோ நாயை வித்தப்போ, ஜீனோ வந்துடுச்சுன்னு இங்க சந்தோஷப்பட்டவங்க உண்டு. எனக்கு ஐபோ ஜீனோ ஆகாது, அது குட்டிக்கரணம் போடற ரகம். மனுஷங்க எழுதினதையெல்லாம் படிச்சுப் படிச்சுப் பேசக் கத்துக்கிட்ட இயந்திரம்னு பார்த்தா, இப்போ உங்க போன்ல இருக்கற சாட்பாட்தான் ஜீனோவுக்குக் கிட்டத்துச் சொந்தம். ஒரு வித்தியாசம், பெருசு. ஜீனோ படிச்சதெல்லாம் படிச்சுட்டு, ஒரு கட்டத்துல யார் பக்கம் நிக்கணும்னு முடிவு பண்ணுது. அது நிலா பக்கம் நிக்குது. நம்ம போன்ல இருக்கறது யார் பக்கம்?

அத்தைகிட்ட இதைக் கேட்டேன். "அதுகிட்டயே கேளேன்" அப்படின்னாங்க. கேட்டேன். ரொம்ப மரியாதையா, எல்லார் பக்கமும்னு சொல்லுச்சு. அத்தை, "ஜீனோன்னா கிண்டல் பண்ணியிருக்கும்" அப்படின்னுட்டு எழுந்து போயிட்டாங்க.

கடைசியா ஒரு உதவி. இந்தக் கிழிச்சு பைண்டு பண்ற பழக்கத்துல ஒரு வேடிக்கை இருக்கு: கதையைப் பத்திரமா வெச்சாங்க, தேதி இருந்த அட்டையைப் பழைய பேப்பர் கடையில போட்டுட்டாங்க. ஆனா கதைப் பக்கத்தோட பின்பக்கம் அப்படியே இருக்கும். பாதி சினிமா விமர்சனம், ஒரு சோப்பு விளம்பரம், அரைகுறையா ஒரு ஜோக். அதை வெச்சு எந்த வாரம்னு கண்டுபிடிக்கலாம். உங்க வீட்டுப் பரண்ல ஜீனோ பைண்டு இருந்தா, பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. முக்கியமா, நிலா வீட்டுக்கு ஜீனோ வந்து சேர்ற வாரமும் அதுக்கு அடுத்த வாரமும் இருக்கான்னு பாருங்க. அத்தையோட பைண்டுல இல்லாதது அந்த ரெண்டுதான்.