உங்களுக்குத் தெரியுமா? உமியிலும் சுவர் எழும்!

பெரணமல்லூர் வட்டாரம் என்றதும் ஆரணிப் பட்டுதான் நினைவுக்கு வரும். ஆனால், தறியைத் தாண்டினால் நெல்லும் மல்லாட்டையும்தான் இங்கே பிழைப்பு. ஆரணி, களம்பூர் ஆலைகளில் 100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 20 கிலோ உமி மிஞ்சுகிறது. அதில் பெரும்பகுதி பாய்லருக்கும் சூளைக்கும் போய்விடுகிறது. அந்த உமியை வைத்துச் சுவரே எழுப்பலாம்!

★ உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது. எரிபொருள் மட்டும் காரணமல்ல. சூளையில் சுண்ணாம்புக்கல் வேகும்போது அந்தக் கல்லே கரியமில வாயுவைக் கக்குகிறது. பயிர் இதற்கு நேர்மாறு. வளரும்போது காற்றிலிருந்து அந்த வாயுவை இழுத்துக்கொள்கிறது. வைக்கோலையோ உமியையோ எரித்தால் அது திரும்பக் காற்றுக்கே போகும். சுவருக்குள் வைத்துப் பூசினால், வீடு நிற்கும் வரை உள்ளேயே கிடக்கும்.

★ ஐதராபாத் ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021இல் ஒரு காவலர் அறை திறக்கப்பட்டது. வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற வயல் கழிவுகளை நறுக்கி, சுண்ணாம்புக் குழம்பில் பிசைந்து, அச்சில் அடித்து உலர்த்திய ‘பயோ பிரிக்’ கற்களால் எழுப்பிய சுவர் அது. கல்லின் எடை செங்கல்லில் எட்டில் ஒரு பங்குதான். வெயிலையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் பாரம் தாங்காது. அதனால் இரும்புச் சட்டம் போட்டுத்தான் கட்டினார்கள்.

★ எல்லோரா குகைகளின் பழைய பூச்சில் கஞ்சாச் செடியின் தண்டும் நாரும் கலந்திருப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நூற்றாண்டுகள் கடந்தும் பூச்சு உதிராமல், பூச்சி அரிக்காமல் நிற்க அந்தக் கலவையும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

★ அவ்வளவு தூரம் போவானேன்? மண்ணோடு வைக்கோலைக் குழைத்துக் குதிரும் சுவரும் எழுப்பியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். மண் காயும்போது வெடிக்காமல் இழுத்துப் பிடிப்பது அந்த வைக்கோல்தான். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்தார்கள். வேலூர் வி.ஐ.டி.யில் அந்தச் சாந்தை ஆய்வுக்கூடத்தில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

★ உமியை எரித்தாலும் எல்லாம் வீணில்லை. உமிச்சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. சுமார் 500 முதல் 700 டிகிரி சூட்டில் பக்குவமாக எரித்து மாவாக அரைத்தால், கான்கிரீட்டில் சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000), உமிச்சாம்பலைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. சூடு மிஞ்சினால் சிலிக்கா படிகமாகி வீரியம் குறைந்துவிடும். கரி மிஞ்சிய கறுப்புச் சாம்பலும் நல்லதல்ல. ஆலை வாசலில் குவிந்து கிடப்பதையெல்லாம் அப்படியே அள்ளிக் கொட்டக் கூடாது.

★ ‘உமிப் பலகை’ என்று கடையில் விற்பதெல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் உமியைப் பிடித்து நிறுத்துவது பிளாஸ்டிக், சிலவற்றில் ரசாயனப் பசை. என்ன பசை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தாவரக் கழிவைச் சுண்ணாம்பில் கட்டிய கற்களே என் பார்வையில் மேல்.

புதுவீடு கட்டப்போகிறவர்கள் முழு வீட்டையும் இத்தகைய கற்களால் எழுப்ப வேண்டாம். ஒரு தடுப்புச் சுவரிலோ, மாடி வெயிலைத் தணிக்கும் அடுக்கிலோ தொடங்குங்கள். கான்கிரீட் போடும் முன், பரிசோதித்த உமிச்சாம்பல் கிடைக்குமா என்று உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள். நாம் கேட்டால்தான் ஆலைக்காரர்களும் அதைத் தயாரிக்க முன்வருவார்கள்.