பழைய கொரொல்லாவின் சிறிய எஞ்சின்: இனங்காணலும் மாற்றியமைத்தலும்

"கனவளவு", "நெருக்கல் விகிதம்" ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை மனனஞ் செய்து எழுதும் மாணவர் பலர், அவற்றைக் கணிக்குமாறு கேட்டால் தடுமாறுவர். ஆகவே இங்கு உண்மையான ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்.

டொயோட்டா நிறுவனம் 1966 இல் வெளியிட்ட முதலாவது கொரொல்லா காரில் 1077 கன செ.மீ. கனவளவுடைய "கே" எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. வார்ப்பிரும்புக் கட்டை, அலுமினியத் தலை, நான்கு உருளைகள், தள்ளுகோல்களால் திறக்கப்படும் வால்வுகள் என்பன இதன் அமைப்பாகும். பின்னர் 2கே, 3கே, 4கே, 5கே என்பனவும் வந்தன. இங்கு ஒரு பொறி உண்டு. முன்னாலுள்ள இலக்கம் பருமனைக் குறிப்பதில்லை. 2கே எஞ்சின் 993 கன செ.மீ. மட்டுமே.

காரின் தகட்டில் "கேஈ70" என்றிருந்தால் முதலெழுத்து எஞ்சின் வகையையும், இரண்டாமெழுத்து கொரொல்லாவையும், இலக்கம் அக்காரின் தலைமுறையையும் காட்டும். ஆனால் தகடு கூறுவது தொழிற்சாலையில் பொருத்திய எஞ்சினைத்தான். நாற்பது வருடம் ஓடிய காரில் அது மாற்றப்பட்டிருக்கலாம். எனவே எஞ்சின் கட்டையில் பொறிக்கப்பட்ட குறியீட்டையே நம்புங்கள். "4கே-ஈ" எனின், ஈற்றெழுத்து காபரேற்றருக்குப் பதிலாக இலத்திரனியல் எரிபொருள் உட்செலுத்தல் உள்ளதைக் குறிக்கும்.

குறியீடு தேய்ந்திருந்தால்? 3கே, 4கே இரண்டினதும் உருளை விட்டம் 75 மி.மீ. ஆகும். ஆகவே விட்டத்தை அளந்து பயனில்லை. தலையைக் கழற்றி, முசலத்தின் அதியுயர், அதிதாழ் நிலைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்க வேண்டும். 66 மி.மீ. எனின் 3கே, 73 மி.மீ. எனின் 4கே.

4கே இன் கனவளவு = 22/7 × 3.75 × 3.75 × 7.3 × 4 = ஏறத்தாழ 1290 கன செ.மீ.

இனி மாற்றியமைத்தல். தேய்ந்த உருளையை 0.5 மி.மீ. கூடிய விட்டத்துக்குக் கடைந்து பெரிய முசலம் இடுவது கராஜ்களில் வழக்கம். இதனால் வலு பெரிதும் கூடும் என விடை எழுதாதீர்கள். விட்டம் 75.5 மி.மீ. ஆகும்போது கனவளவு ஏறத்தாழ 1308 கன செ.மீ. தான், அதிகரிப்பு 1.4% அளவே. கடைவதன் உண்மையான பயன், தேய்ந்த உருளை மீண்டும் வட்டமாவதும் நெருக்கல் கசியாதிருப்பதுமாகும்.

தலையின் அடிப்பரப்பைச் சீவுவது வேறு கதை. ஓர் உருளையின் அடிப்புக் கனவளவு 322.5 கன செ.மீ.; தகன அறை 40.3 கன செ.மீ. எனக் கொள்வோம். நெருக்கல் விகிதம் = (322.5 + 40.3) ÷ 40.3 = 9. சீவியதால் தகன அறை 4 கன செ.மீ. குறைந்தால் விகிதம் 9.9 ஆகும். சிறிய மாற்றம், பெரிய விளைவு! வெப்பத் திறன் கூடும். ஆனால் ஒக்ரேன் பெறுமானம் குறைந்த பெற்றோலை இட்டால், கலவையின் ஒரு பகுதி சுவாலை வந்தடையுமுன் தானாகவே எரிந்து "தட்டல்" உண்டாகும். அச்சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் முசலம் உடையவும் கூடும். ஆகவே ஒக்ரேன் கூடிய பெற்றோலை இட வேண்டும், அல்லது தீப்பொறி தோன்றும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ள வேண்டும்.

எஞ்சினையே மாற்றி 5கே இடுவோர் பிரேக்கை மறந்துவிடுவர். வேகம் இரு மடங்கானால் இயக்க சத்தி நான்கு மடங்காகும். அதனை வெப்பமாக மாற்றவேண்டியது பழைய பிரேக்கே. புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்வதும் அவசியம்.

பயிற்சி: 5கே இன் அடிப்பு நீளம் 73 மி.மீ., விட்டம் 80.5 மி.மீ. கனவளவைக் கணிக்க. 4கே உடன் ஒப்பிட்டு, அதிகரிப்புக்கான காரணத்தைக் கூறுக.
(விடை: ஏறத்தாழ 1487 கன செ.மீ.; உற்பத்தியாளர் தரும் பெறுமானம் 1486. அடிப்பு நீளம் மாறவில்லை. விட்டத்தின் வர்க்கமே கூடியுள்ளது.)